துடுப்புப் போடும் தம்பிக்குப் பெண் பார்த்தது

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் அடுக்களைக்குள் போய்விடுகிற ஆள். இப்படி எழுத உட்கார்ந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் தம்பியைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய உண்டு. அவன் பதக்கம் வாங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் வாங்கவில்லை.

தம்பி ராணுவத்தில் சேர்ந்தபோது அவனுக்குத் தெரிந்த தண்ணீர் தாமிரபரணி ஒன்றுதான், அதுவும் குளிப்பதற்கு. ஆள் உயரமாக இருக்கிறான் என்று பூனாவில் பிடித்துப் படகில் உட்கார வைத்துவிட்டார்கள். விடியுமுன் துடுப்பு, பகலில் துடுப்பு, சாயங்காலம் எடை தூக்குவது. தீபாவளிக்கு வந்தால் உள்ளங்கை பாதம் மாதிரி காய்த்திருக்கும். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போய், ஒலிம்பிக்குக்கும் போனான். ஊர் முக்கில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் படத்தைவிட, வைத்தவர்களின் படம் பெரிது. அவன் திரும்பி வருவதற்குள் காற்று அதைக் கிழித்துவிட்டது. வேறு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 'தோணி தள்ளுத மாப்பிள்ளை' என்று மூன்று இடம் தட்டிப்போயிற்று. நாலாவது இடம் பாளையங்கோட்டை. பெண் கணக்கு டீச்சர், அப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். அந்தப் பெண்ணின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தம்பி அடிக்கடி பார்த்தான். கேட்டால், மணி பார்த்தேன் என்பான்.

பெண் பார்க்கப் போன அன்று எங்கள் சித்தப்பா சும்மா இருக்காமல், போனிலிருந்த ஒலிம்பிக் பந்தயத்தை அவர்கள் வீட்டு டிவியில் போடவைத்தார். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, போற பக்கம் பாக்காம முதுகக் காட்டிட்டுல்லா உக்காந்திருக்கீங்க?"

"இந்தப் படகுல அப்படித்தான் மாமா."

"போற எடம் தெரியாமலா?"

"தடம் போட்டிருக்கும். அப்பப்ப தோளுக்கு மேல ஒரு பார்வ பாத்துக்கிடுவோம். பின்னால வாறவங்க எல்லாரும் கண்ணுக்கு எதுக்கத் தெரிவாங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போனார்.

"ஒரே ஒருத்தன்தான் தெரியுதான்."

சித்தப்பா இருமினார். "அது மொதச் சுத்துதான் அண்ணாச்சி. பைய ஓட்டிப் பாத்தது."

"அப்ப எப்பதான் வே நெசமா ஓட்டுனாரு?"

காபி கொண்டுவந்த பெண் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்து அவளே கேட்டாள்: "அப்ப முன்னால போறவங்க எவ்வளவு தூரம் போயிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா?"

"சரியாத் தெரியாது. அது ஒண்ணுதான் நிம்மதி."

அவள் சிரித்துவிட்டாள். தம்பிக்குக் காது சிவந்துவிட்டது. அவள் அப்பா டிவியை அணைத்தார்.

"கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்."

முந்தின மூன்று வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். ஆட்டோவில் திரும்பும்போது தம்பி போனைக் கையில் எடுத்தான். ஆற்றுப் பாலம் தாண்டுகிறவரை மணி பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று பெண் சொல்லிவிட்டாளாம். அவள் அப்பா கேட்டது ஒன்றுதான்: கல்யாணப் பத்திரிகையில் ஒலிம்பிக் வீரர் என்று பெரிதாகப் போட வேண்டும், படகு என்று எங்கேயும் வரக் கூடாது. தம்பி சரி என்றான். மத்தியானம், துடுப்புப் போட மறுபடி பூனாவுக்கு ரயிலேறினான்.