எழுதாமல் விட்ட கால் மணி

மேனாம்பேட்டில் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது இக்னேஷியஸின் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒப்பந்த ஆள்தான். இரும்புச் சாவியைச் சுமந்துபோய் வால்வு வால்வாகத் திருகியதில் தோள்பட்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. அடுக்குமாடிக்கு எவ்வளவு, தொழிற்பேட்டைக்கு எவ்வளவு, காலனிக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து, தினமும் அவர் செல்போனுக்கு நிமிடங்களை அனுப்பும். அந்த மகா மூளைக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: அவர் பதிகிற நேரம், ஜனங்கள் செயலியில் போடுகிற புகார். அடுக்குமாடிக்காரர்கள் பல் துலக்குவதற்குள் பத்துப் புகார் போட்டுவிடுவார்கள். காலனிக்காரர்களுக்குச் செயலியாவது ஒன்றாவது! அதே காலனியில் குடியிருக்கும் இக்னேஷியஸின் வாசலில் வந்து நிற்பார்கள்.

“இன்னா அண்ணாத்தே, கொயாயில காத்து தான் வருது!” என்பான் பக்கத்து வீட்டு வேம்புலி.

காலனி இருப்பது குழாயின் கடைக்கோடியில். முதல் கால் மணி நேரம் வெறும் காற்றுதான் வரும். அதனால் செல்போன் சொன்ன நாற்பது நிமிடத்துக்கு மேல் கால் மணி கூடுதலாக விடுவார். பதிவது மட்டும் நாற்பது. மேலே கேட்டால் யார் பதில் சொல்வது?

புகாரே இல்லையே, காலனிக்கு நாற்பது தாராளம் என்று முடிவு கட்டிய அந்த மூளை முப்பதாக்கியது. அவர் ஐம்பத்தைந்துதான் விட்டார். முப்பது என்று பதிந்தார். அப்புறம் இருபதாக்கியது. நல்லது செய்யப்போய்த் தன் கையாலேயே காலனியின் பங்கைக் குறைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். அது புரிந்தபோது அலுத்துப்போனார்.

ஒருநாள் பொறியாளர் ரேஷ்மா வந்து சொன்னார்: “திங்கட்கிழமைலேர்ந்து மோட்டார் வால்வுண்ணா. தானா திறக்கும், தானா மூடும்.”

இக்னேஷியஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபது நிமிடத்தில் கால் மணி காற்றுக்குப் போனால், காலனி முழுவதற்கும் ஐந்து நிமிடத் தண்ணீர். மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய் நின்றார்.

“மேடம், அந்த இருபது பொய்யி. ரெண்டு வருசமா அம்பத்தஞ்சி உட்டுகினு கீறேன்.”

“ஏண்ணா பதியல?”

“பயந்தான்.”

ரேஷ்மா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். “நீங்க எழுதிக் குடுத்தாதான் மாத்த முடியும். எழுதினா உங்க வேலை...”

“தெரியும். பேப்பர் குடுங்க மேடம்.”

காலனிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. சொந்தத் தெருவுக்குத் தண்ணீர் திருப்பினார் என்று சொல்லி, இக்னேஷியஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் தளும்ப வந்தது. வேம்புலிக்கு ஒரே குஷி. “மிசினு மிசினு தான் அண்ணி! அண்ணாத்தேகிட்ட எத்தினி வாட்டி கெஞ்சிகினு நின்னோம்? இப்ப பாரு, கேக்காமயே வருது.”

இக்னேஷியஸின் மனைவி ஞானசௌந்தரி குடத்தை ‘ணங்’கென்று வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“உடு சௌந்தரி,” என்றார் இக்னேஷியஸ். “கொடத்த புடி. டைம் ஆச்சுன்னா மிசினு மூடிக்கும், அது யாருக்காகவும் நிக்காது.”