பாரையைப் போடு என்ற மடுத்தீன்

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் துக்கமணி அடித்தபோது நான் கரையில் வலை காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மடுத்தீன் போய்விட்டார் என்று வந்து சொன்னார்கள். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். அவருடைய மகள் ரெஜினா அழுதுகொண்டு சொன்னாளாம். "அவள் எப்பவும் முந்தி அழுகிறவள்" என்று சொல்லிவிட்டு வலையை மறுபக்கம் புரட்டினேன். எந்தச் செய்தியையும் முதல் வாயில் நம்பாதே என்று சொன்னவரே அவர்தான். அவருடைய சாவுக்கு மட்டும் அதை எப்படித் தளர்த்துவது?

பேசாலைக் கரையில் அவருடைய குரலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கொண்டுவந்த மீனைக் கூறுகூறாகக் குவித்து, விலை கூவி விற்றவர். விலை படிந்ததும் வாங்குகிறவரின் மனம் குளிரக் கூறுக்கு மேலே ஒரு மீன் போடுவது வழக்கம். அவரும் போடுவார். ஆனால் தன் வீட்டுக்கு மீன் வாங்கும்போது அந்த மேல்மீனைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடியில் கிடப்பதை எடுத்து மணந்து பார்ப்பார். "மேல்மீன் சிரிச்சுதெண்டால் அடிமீன் அழுகுது எண்டு அர்த்தம், பேதுரு" என்பார்.

வயது போய் நான் கடலுக்குப் போவதையும் அவர் விலை கூவுவதையும் விட்ட பிறகுதான் அந்தக் கைப்பேசி விளையாட்டு வந்தது. இங்கிலாந்துக் கழகங்களில் ஆடுகிற உதைபந்தாட்டக்காரர்களை, கொடுத்த விலைக்குள் அடங்கும்படி நாம் பொறுக்கி ஒரு அணி சேர்க்க வேண்டும். அவர்கள் அங்கே ஆடுவதற்கு இங்கே நமக்குப் புள்ளி. தலைவன் என்று ஒருவனைக் குறித்தால், எங்கள் பேச்சில் அவன் கைக்குத் தலைவன் பட்டி கட்டினால், அவனுடைய புள்ளி இரட்டிக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்ல ரெஜினாதான் எழுதுகிறாள். அதனால் மடுத்தீன் வாசிப்பார், நான் நினைவில் வைத்திருப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே அணி. அந்தப் பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை, மீன் பெயர்களை வைத்துக்கொண்டோம். கோல் அடிக்கிற நெடுவல் சுறா. நடுவில் துள்ளுகிற குள்ளன் சூடை. பின்னால் நின்று தலையால் பந்தைத் தள்ளுகிற பெருநெற்றிக்காரன் பாரை.

ஒவ்வோர் ஆட்டத்திலும் திறமாக ஆடிய மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று மேலதிகப் புள்ளி உண்டு. அதுதான் போனஸ். "கூறுக்கு மேல போடுற மீன்தான், மச்சான்" என்றார். எனக்கு உடனே சந்தேகம்.

"ஆர் போடுறது?"

"கொம்பியூட்டர்."

"கொம்பியூட்டருக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்று சிரித்தார்.

ஒருமுறை ஆட்டம் முடிந்ததும் பாரைக்கு மூன்று என்றார். மறுநாள் காலை இரண்டு என்றார். "நேற்று மூண்டு எண்டனீர்" என்று பிடித்தேன். விடியுமட்டும் அது மாறும் என்றார். பாரையை அணியில் வைத்திருக்க எனக்குக் கூட்டிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். இரகசியமாக ரெஜினாவிடம் கேட்டேன். "அப்பா சொன்னது சரி, மாமா" என்றாள். அவர் பெற்ற பிள்ளை வேறு என்ன சொல்லும்? கடைசியில் எங்களுக்குப் போட்டியாக அணி வைத்திருந்த நறுவிலிக்குளத்துக் கமக்காரர் கணபதிப்பிள்ளையிடம் கேட்டேன். அவரும் இரண்டு என்றார். எதிரி சொன்னதால் நம்பினேன். இது மடுத்தீனுக்குத் தெரிய வந்தபோது கோபிப்பார் என்று பார்த்தேன். என் தோளில் தட்டி, "இப்பதான் நீ ஆள்" என்றார்.

கணபதிப்பிள்ளை எந்த வாரமும் சுறாவைத்தான் தலைவனாக்குவார். "பின்னுக்கு நிக்கிறவனை நம்பி வெல்லப் போறியளோ? போனஸ் பொறுக்கிற அணி, கோயில் வாசலில நிக்கிற அணி" என்று எங்களைப் பகிடி பண்ணுவார். மடுத்தீன் விடமாட்டார். "சுறாவை ஊர் முழுக்க வைச்சிருக்கு. அவன் அடிச்சால் எல்லாருக்கும்தான் ஏறும், உமக்கு என்ன முந்தல்? அவன் வெளிய அடிக்கிற ஒவ்வொண்டும் போனஸ் கணக்கில கழியுது. பாரை பந்தைப் பறிக்கிறதும் கடத்துறதும் ஓசைப்படாமல் கூடுது, ஐயா." ஆனாலும் பாரையைத் தலைவனாக்க அவருக்கே துணிவு வரவில்லை. அது பைத்தியக்கார வேலை என்பார். சாகமுன் ஒரு பருவமாவது கணபதியை வெல்ல வேண்டும் என்பதும் அவர் வாயில் இருந்ததுதான்.

பருவத்தின் கடைசி வாரம். கணபதிப்பிள்ளை எங்களுக்குச் சற்று முன்னால் நின்றார். மடுத்தீன் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் கஷ்டப்பட்டுக் கிடந்தார். வியாழன் பின்னேரம் நான் போனபோது ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பாரையைப் போடு, பாரையைப் போடு எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறார், மாமா. கஞ்சி மட்டும்தான் குடுக்கலாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் பாரைக்கு எங்க போறது?"

உள்ளே போய்க் காதுக்குள் கேட்டேன். "மடுத்தீன், பட்டி கட்டவோ, சட்டியில போடவோ?" கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா, மூச்சுத் திணறலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் பேசவில்லை.

சனிக்கிழமை அடக்கம் செய்தோம். ஞாயிறு பின்னேரம் ஆட்டம் தொடங்கமுன் தலைவனைக் குறிக்க வேண்டும். துக்கவீட்டுக்கு வந்த கணபதிப்பிள்ளை மெல்லக் கேட்டார். "ஆரைப் போடுறியள், அண்ணை? சுறாவைப் போடுங்கோ, சரிசமனாய் முடியட்டும்." எங்களிடமும் சுறா இருந்தான்; இரண்டு பக்கமும் அவனையே போட்டால் அவருடைய முந்தல் அப்படியே நிற்கும். எதிரி இரங்கினால் அதை மணந்துதான் பார்க்க வேண்டும். ரெஜினாவைக் கூப்பிட்டு அப்பாவின் கைப்பேசியை எடுக்கச் சொன்னேன்.

"பாரைக்குக் கட்டு, பிள்ளை."

"அப்பா மீனைக் கேட்டிருந்தால், மாமா?"

"கட்டு."

சுறா ஒரு கோல் அடித்தான். பாரையின் பக்கம் ஒரு கோலும் வாங்கவில்லை, பின்னால் நிற்கிறவனுக்கு அதற்கும் புள்ளி. அவனுக்குப் போனஸ் மூன்று, தலைவன் என்பதால் அதுவும் இரட்டித்தது. அந்த மேல்மீனால் நாங்கள் முந்தினோம். கணபதிப்பிள்ளை தொலைபேசியில் "வெண்டிட்டியள், அண்ணை" என்றார். "விடியட்டும்" என்றேன். விடிந்தது. மூன்று மூன்றாகவே நின்றது. அதையும் கணபதிப்பிள்ளையே தொலைபேசியில் சொன்னார்.

வெற்றி உறுதி. கேள்விதான் உறுதியாகவில்லை. அவர் கேட்டது ஆளையா, மீனையா? மீன் என்றால், கரை முழுக்க மீன் விற்ற மனிதரை வாய்க்கு ஒரு துண்டு இல்லாமல் அனுப்பிவிட்டு, அந்தப் பசியை வைத்து நான் ஒரு விளையாட்டை வென்றிருக்கிறேன். எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டாள். எழுது பிள்ளை, என்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்குப் பாரை வாங்கச் சந்தைக்குப் போனேன். விற்கிறவன் மேலே இன்னொன்றைப் போட்டு, "இது உங்களுக்காக, அப்பு" என்று சிரித்தான். நான் அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அடிமீனை எடுத்து மணந்தேன். மடுத்தீனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த மூக்குத்தான். மீன் நல்லதாக இருந்தது. ரெஜினா குழம்பு வைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு கோப்பையில் வைத்தாள்.

பட்டியும் கட்டியாயிற்று, மடுத்தீன். சட்டியிலும் போட்டாயிற்று. இரண்டில் நீர் கேட்டது எதுவோ, அதை எடுத்துக்கொள்ளும்.