விசாக்கா மகளிடம் கேட்ட கேள்வி

விசாக்கா என்று சுற்று வட்டாரமே அழைக்கும் அந்த அம்மாள் வெளிநாடு போனதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததுகூட இல்லை. ஆனால் உலகத்தின் பல மூலைகளில், குளிரில் நடுங்கிக்கொண்டே அவரை நன்றியோடு திட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றி, அவர்களை அங்கே அனுப்பி வைத்ததற்கு. திட்டு, அனுப்பி வைத்த விதத்துக்கு.

அவர் தொழில், அதிகாரியாக நடிப்பது. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை. அறையைக் குறுக்காக மறித்து ஒரு கண்ணாடித் தடுப்பு. இடித்துத் தள்ளிய ஒரு தியேட்டரின் டிக்கெட் ஜன்னலை அப்படியே பெயர்த்து வாங்கி வந்து பொருத்தியிருந்தார். அடியில் கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. ஒரு காலத்தில் அந்த ஓட்டைக்காகச் சட்டை கிழியச் சண்டை போட்டவர்களின் பிள்ளைகள், இப்போது அதே ஓட்டைக்கு முன்னால் வாய் உலர்ந்து நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசாக்கா. ஈ உட்கார்ந்தாலும் அசையாத முகம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் வாங்கிய பிள்ளைகள் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகுமுன் இங்கே ஒரு நேர்காணலுக்கு வருவார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதில் ஒரு பழைய டைரி அட்டையை ஓட்டை வழியாக உள்ளே தள்ள வேண்டும். விசாக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டால் தேறியாயிற்று. திருப்பித் தள்ளிவிட்டால் தோற்றாயிற்று. அசல் இடத்திலும் அப்படித்தான் என்பார். கொடுத்த பொருள் பத்திரமாகத் திரும்பி வந்ததற்காக மனிதர்கள் அழுகிற இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு டிராவல்ஸில் தட்டச்சுக்காரி. விசா மறுக்கப்பட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "என்ன கேட்டான்? நீ என்ன சொன்னே?" என்று விசாரிப்பது அவர் வழக்கம். ஆறுதலுக்காகக் கேட்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் படித்துக்கொண்டிருந்தார். சில வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு ஜன்னலை வாங்கினார்.

சட்டம் ஒன்றுதான்: மனப்பாடம் செய்த பதிலுக்கு அட்டை திரும்பி வரும். எவ்வளவு அழகான பதிலானாலும் சரி. அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. "இந்தப் படிப்பு உங்க ஊர்லயே இருக்கே, அங்க எதுக்குப் போறீங்க?" பெரும்பாலான அட்டைகள் திரும்பியது இந்தக் கேள்வியில்தான். உலகத் தரம், பன்முகப் பண்பாடு, ஆராய்ச்சி வசதி என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். "நீ சொல்றதெல்லாம் அந்தக் காலேஜோட விளம்பரத்துலயே இருக்கு. நீ எங்க இருக்கே?" என்பார் விசாக்கா. ஒரு பையன் கடைசியில் கண்ணீரோடு, "இங்க எங்கப்பா படிச்ச காலேஜ்லயே சேரணும்பாரு மேடம், அவரைத் தெரிஞ்ச வாத்தியாரெல்லாம் இன்னும் அங்கதான் இருக்காங்க" என்றான். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நீங்க ஒரு தடவையாவது போய்ப் பார்க்கக் கூடாதாக்கா?" என்று கேட்டால் பதில் தயார். "டாக்டர் எல்லா வியாதியும் தனக்கு வந்த பிறகா வைத்தியம் பார்க்கிறாரு?"

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டயர் கடை மாடிக்கு வந்துவிடுவாள். படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். அதே படிக்கட்டில்தான் நேர்காணலுக்குக் காத்திருக்கிறவர்களும் உட்கார்வார்கள். ஆகவே அந்தப் பெண் வளர்ந்தது முழுக்க, கிளம்பப் போகிறவர்களின் நடுவில்.

அவர்களில் ஒருவன் திக்கிப் பேசுகிறவன். கெட்டிக்காரன், ஆனால் தன் பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். ஜன்னலுக்கு முன்னால் நிற்பதற்கு முன் படிக்கட்டில் உட்கார்ந்து மகளோடு பேசிப் பார்ப்பான். அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னான்; முதல் ஒலியை முட்டி மோதாமல் மெல்லத் தொட்டு ஆரம்பிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றான். வேடிக்கை பார்க்க ஒருநாள் அவனோடு மகளும் போனாள். அதற்குப் பிறகு அவன் போகாத நாட்களிலும் போனாள். பேச்சுப் பயிற்சி அறையின் மூலையில் ஒரு ஸ்டூல் அவளுக்கென்றே ஆகிவிட்டது. அவன் கிளம்பிப் போய், அங்கே படித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்டான். அவள் ஸ்டூலை விடவில்லை.

பிளஸ் டூ முடிந்ததும் பேச்சு, செவித்திறன் படிப்புக்கே விண்ணப்பித்தாள். இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று கடலுக்கு அப்பால், பெயர் சொன்னாலே எதிரிலிருப்பவர் நிமிர்ந்து உட்காரும் பல்கலைக்கழகம்; உதவித்தொகையும் கொடுத்து அழைத்தது. இன்னொன்று அதே அரசு மருத்துவமனையோடு ஒட்டிய கல்லூரி. வீட்டிலிருந்து பேருந்தில் ஏறி, உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம். இரண்டும் ஒரே வாரத்துக்குள் பதில் கேட்டன.

விசாக்காவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. மகள் யோசிக்கிறாள் என்பதே அவருக்குப் புரியவில்லை.

"நான் என்ன தொழில் பண்றேன் தெரியுமில்லே? நாளைக்கு ஒருத்தி வந்து 'உங்க பொண்ணு எந்த நாட்டுல?'ன்னு கேப்பா. அடுத்த ஸ்டாப்பிங்ல இருக்கான்னு சொல்லவா?"

"பஸ் நம்பரையும் சேர்த்துச் சொல்லும்மா."

"வாயைப் பாரு. ஏங்க, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்!"

அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "நம்ம தொழில்ல மேல போறவனையும் நிறுத்தக் கூடாது, கீழ போறவனையும் நிறுத்தக் கூடாது. நடுவுல நின்னாத்தான் என்னைக் கூப்பிடணும்."

அவருடைய தங்கை, அதாவது விசாக்காவின் நாத்தனார், இப்படி ஒதுங்குகிறவர் அல்ல. அவருடைய மகன் விசாக்காவின் ஜன்னல் வழியாகப் போனவன்தான். அந்த நன்றியை அவர் வாரம் ஒரு முறை போன் செய்து, அவன் அனுப்பிய பனிப் படங்களைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் பேசினார். "என்ன அண்ணி, ஊருக்கெல்லாம் பிளேன் ஏத்தி விட்டுட்டு, சொந்தப் பொண்ணுக்கு பஸ் பாஸ் எடுத்துக் குடுக்கப் போறீங்களாமே?"

அந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. மறுநாள் காலை விசாக்கா மகளிடம், "வெளிநாட்டுக்கே ஒத்துக்கோ. விசாவுக்குத் தேதி வாங்கிடலாம். இன்னைக்குச் சாயங்காலம் ஜன்னலுக்கு வா" என்றார். மகள் சரி என்றாள். அம்மாவை ஊர் சிரிக்கக் கூடாது என்பது அவளுக்கும் இருந்தது. சண்டைக்குத் தயாராக இருந்த விசாக்காவுக்கு அந்தச் 'சரி' கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

சாயங்காலம் கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மகள் உள்ளே வந்து அட்டையைத் தள்ளினாள். விசாக்காவின் முகம் வழக்கமான முகமாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு உறவு கிடையாது. மகளையும் 'நீங்க' என்றுதான் அழைத்தார்.

"என்ன படிக்கப் போறீங்க?"

சொன்னாள். தெளிவாக, நிமிர்ந்து, கையைப் பிசையாமல். படிப்பு, யார் செலவு, அப்பா என்ன செய்கிறார் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தே பாதி அதிகாரியாகியிருந்தவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"இந்தப் படிப்பு உங்க ஊர்லயே இருக்கே, அங்க எதுக்குப் போறீங்க?"

மகள் அருமையான பதில் ஒன்றைச் சொன்னாள். அங்கே உள்ள ஒலி ஆய்வுக்கூடம், ஒரு பேராசிரியையின் குறிப்பிட்ட ஆராய்ச்சி, அது ஏன் தனக்குத் தேவை என்று, ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் அதைவிட நல்ல பதிலை யாரும் சொன்னதில்லை. விசாக்காவின் கை அட்டையின் மேல் இருந்தது. அதை இழுத்து மேஜை டிராயருக்குள் போட்டிருந்தால் கதை முடிந்தது.

அவர் போடவில்லை. கண்ணாடி வழியாக மகளையே பார்த்தார்.

"இது நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பதில். ரொம்ப நல்லா இருக்கு. உங்க பதில் என்ன?"

கீழே மோட்டார் நின்றிருந்தது.

"ஆஸ்பத்திரியில சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு படப் புத்தகம் காட்டுவாங்க மேடம். இது என்ன, இது என்னன்னு கேப்பாங்க. வெளிநாட்டுல தயாரிச்ச புத்தகம். பனியில போட்டுக்கிற கையுறை, வீட்டுக்கு மேல புகைக்கூண்டு, பனிச்சறுக்கு வண்டி. நம்ம பிள்ளைங்க பேந்தப் பேந்த முழிக்கும். வார்த்தை வரலைன்னு குறிச்சுக்குவாங்க. வார்த்தை வராம இல்லை மேடம். அந்தப் பிள்ளை பனியையே பார்த்ததில்லை! ஒரு குட்டிப் பொண்ணு கையுறையைப் பார்த்துட்டு, 'ஆட்டோட மடி'ன்னு சொல்லிச்சு. அதுக்கு மார்க் கிடையாதாம். அந்தப் புத்தகத்தை மாத்தணும். நம்ம பிள்ளைங்க பார்க்கிற சாமான், நம்ம பிள்ளைங்க சொல்ற வார்த்தை. அதை அங்க போய் யாரை வச்சுப் பண்ணுவேன்? பிள்ளைங்க இங்க இருக்காங்க."

"அப்ப ஆய்வுக்கூடம்?"

"வேணும் மேடம். பின்னாடி போவேன். கேட்கிறதுக்குக் கையில ஒரு கேள்வி வச்சுக்கிட்டுப் போவேன். இப்பப் போனா அவங்க கேள்வியைத்தான் படிச்சுட்டு வருவேன்."

விசாக்கா அதிகாரியாக எத்தனையோ பேரைப் பார்த்தவர். உண்மையான பதில் வரும்போது எதிரிலிருப்பவரின் தோள் தானாக இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். மகளின் தோள் இறங்கியிருந்தது. பிரச்சினை என்னவென்றால், அந்தப் பதில் போவதற்கான பதில் அல்ல, இருப்பதற்கான பதில். அம்மாவாக இருந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். அதிகாரியால் முடியாது. தன் கௌரவத்துக்காகக்கூட அவர் அந்த ஜன்னலில் பொய்யாக ஒரு அட்டையை வாங்கி வைத்ததில்லை.

அட்டையை ஓட்டை வழியாகத் திருப்பித் தள்ளினார். "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க" என்றார்.

மகள் அட்டையை எடுத்துக்கொண்டு, சிரிப்பை வெளியில் காட்டாமல் படிக்கட்டுக்குப் போனாள்.

அடுத்து வந்தவன் அன்றைக்குச் சுலபமாகத் தேறிவிட்டான். அதிகாரியின் கவனம் வேறு எங்கோ இருந்தது.

படிக்கட்டில் இருந்தவர்களுக்குக் காது உண்டு, வாயும் உண்டு. விசாக்கா சொந்த மகளையே திருப்பி அனுப்பிவிட்டார் என்ற செய்தி தெருவைச் சுற்றி வந்தது. தொழில் படுத்துவிடும் என்று விசாக்கா பயந்தார். நடந்தது தலைகீழ். "பெத்த பொண்ணையே விடலையாம், அவ்வளவு ஸ்ட்ரிக்ட்டு!" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெற்றோர் வந்தார்கள். படிக்கட்டில் இடம் போதாமல் டயர்களின் மேலும் உட்கார்ந்தார்கள்.

வீட்டில் மட்டும் சில நாள் விசாக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மகள் மேல் கோபமா, அதிகாரி மேல் கோபமா என்று கணவர் கேட்கவில்லை. அந்த நிலையில்தான் நாத்தனாரின் போன் வந்தது.

"அண்ணி, கேள்விப்பட்டேன். மனசே கேக்கலை. நம்ம பொண்ணுக்கு ரிஜெக்ட் ஆயிடுச்சாமே?"

"ஆமா."

"எந்த ஆபீசர் பண்ணினான்?"

"நான்தான்."

"என்னது?"

"நான்தான் பண்ணேன்" என்றார் விசாக்கா மறுபடியும். இந்த முறை குரலில் ஒரு நிமிர்வு ஏறியிருந்தது. "அவ சொன்ன பதிலைக் கேட்டிருந்தா நீயும் பண்ணியிருப்பே. கேக்கறியா? சொல்றேன், உட்காரு." கையுறை, புகைக்கூண்டு, ஆட்டு மடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல மகள் சொன்னதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொன்னார். நாத்தனார் பனிப் படங்களைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த அறையில் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் சேரும் நாளன்று விசாக்கா ஜன்னலை மூடிவிட்டு மகளோடு போனார். துறை மாடியில். சுண்ணாம்பு உதிர்ந்த வராந்தா, ஒரு கால் ஆடும் பெஞ்சு, மின்விசிறி சுற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. துறைத் தலைவி ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு ஓரிரண்டு கேள்வி கேட்டு அனுப்பினார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். விசாக்காவால் சும்மா இருக்க முடியுமா?

"கையைப் பிசையாதேம்மா. ஏன் இந்தப் படிப்புன்னு கேப்பாங்க. மனசுல இருக்கிறதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அந்தப் பெண்ணின் அப்பா நன்றியோடு திரும்பினார். "உங்க பொண்ணும் இங்கதானா? வேற எங்கயும் கிடைக்கலையா?"

"கிடைச்சுது" என்றார் விசாக்கா. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். எதிர்பார்த்தபடியே அந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேண்டாம்னுட்டா. இவளுக்கு இங்க வேலை இருக்கு. இங்க இருக்கிற படப் புத்தகத்தையெல்லாம் மாத்தப் போறா."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துறைத் தலைவியின் அறைக் கதவும் திறந்தேதான் இருந்தது.

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மெதுவாப் பேசு!"

"எதுக்குடி மெதுவா?" என்றார் விசாக்கா. "உள்ள இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."