யார் உட்கார்ந்தாலும் ஓடும்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறை முழுதாக மூடாது. உள்ளே ஒரு கார்டு கிடக்கிறது. ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளமான பச்சைத் தகடு, ஒரு முனையில் கணினிப் பெட்டியோடு திருகி மாட்டுவதற்கான இரும்புப் பட்டை. அந்தப் பட்டை இடிப்பதால் இழுப்பறை எப்போதும் இரண்டு விரல் அளவு திறந்தே நிற்கும். கல்யாண வீடியோக்களைக் கணினியில் ஏற்றி வெட்டி ஒட்டுவதற்காக, என் அண்ணன் கடைக்கு நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த கார்டு அது. இன்றைய கணினி எதிலும் அதைச் செருக இடமே கிடையாது. கடையைக் காலிசெய்த வருஷம் பொங்கல் சீரோடு அண்ணன் இதையும் கொண்டுவந்தார். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, வாசலில் சாத்திய கரும்பு, அதற்கு நடுவே ஒரு ஜவுளிக்கடைப் பையில் இது. “நீ பாத்து வாங்குனதுதானத்தா, நீயே வச்சுக்க” என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். அண்ணன் கொண்டுவரும் சீரில் ஒரு சாமானை மட்டும் திருப்பிக்கொடுக்க எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இன்னும் கைவரவில்லை.

அண்ணனின் கடை சிம்மக்கல்லில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போவார். எடுத்துவந்த கேசட்டை ஒரு வி.சி.ஆரில் ஓட்டி, வேண்டியதை மட்டும் இன்னொன்றில் பதிந்து பதிந்து சேர்ப்பார்கள். அந்த வேலைக்கு மதுரையில் மிக்சிங் என்று பெயர். கணினி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. பசுமலையில் நான் கல்லூரி முடித்த வருஷம்தான் கடைக்குக் கணினி வந்தது. முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்தது நான். அண்ணனுக்கு அதைத் தொடவே பயம். மவுசை என் பக்கமே தள்ளிவிடுவார். அப்புறம் அந்த நாற்காலி என்னுடையது என்று யாரும் சொல்லாமலே ஆனது. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த நாற்காலி ஒன்றுதான். பங்கு கேட்கவில்லை, பலகையில் பெயர் கேட்கவில்லை.

வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாடிக்கையாளர்கள் திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டேன். உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து என்றால் படத்தின் உயிர் தாய்மாமன் சீரில் இருக்கிறது. கொட்டு முன்னால் போக, மாலை போட்ட கிடாய் நடக்க, தட்டுத் தட்டாகப் பெண்கள் வரிசையில் வருவார்கள். குழந்தை அழுவதை வெட்டலாம், ஐயர் இருமுவதை வெட்டலாம், ஒரு தட்டை வெட்டக் கூடாது. ஒருமுறை நீளமாக இருக்கிறதே என்று ஊர்வலத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். மறுநாள் ஒரு தாய்மாமன் மாடியேறி வந்து, “எம்புட்டுச் செலவு பண்ணிருக்கேன், என் கெடாயக் காணோமேம்மா” என்று கேட்டார். கோபம்கூட இல்லை அவருக்கு, அழுதுவிடுவார்போல் இருந்தது. அதன்பிறகு ஒரு தட்டு என் கையால் விடுபட்டதில்லை.

கணினியோடு வந்த பழைய கார்டு கேசட்டில் இருப்பதை உள்ளே வாங்கும், அவ்வளவுதான். ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி வரவேண்டும் என்றால்கூட, அந்த நாலு நொடியைக் கணினி உட்கார்ந்து உருவாக்க வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் கேசட் குவிந்துவிடும். கல்யாணப் பெண் பிள்ளை உண்டாகிவிட்டாள், படம் இன்னும் வரவில்லை என்று கேலி பேசினார்கள். நல்ல கார்டு வாங்குவதென்று முடிவானதும் அண்ணன் என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். கணினிச் சாமான் விற்கும் ரிச்சித் தெருவில், மின்விசிறிகூட இல்லாத ஒரு மாடிக்கடை.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. கேள்வி கேட்பது நான், பதில் போவது அண்ணனுக்கு. முதலில் விளையாட்டுக்கான ஒரு கார்டை எடுத்துப்போட்டு, இதில் மெமரி அதிகம் சார் என்றார். திரையில் படம் வேகமாக ஓடுவது வேறு, கேசட்டிலிருந்து வாங்கி, வெட்டி, மறுபடி கேசட்டுக்கே அனுப்புவது வேறு என்றேன். “சிஸ்டர் சொல்றது சரிதான் சார்” என்று அதையும் அண்ணனிடமே சொன்னார். அடுத்து எடுத்துவைத்த இரண்டு கார்டுகளுக்கும் அவரிடம் மாதிரிப் படம் இருந்தது. கடல், பூ, வெளிநாட்டுக் குழந்தை. நான் பையிலிருந்து எங்கள் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். உச்சி வெயிலில் எடுத்த ஊர்வலம், வரிசை முழுக்கச் சிவப்புப் பட்டு. மட்டமான கார்டில் சிவப்பு கரையைத் தாண்டி வழியும், புடவையும் முகமும் ஒன்றாகிவிடும். ஒன்றில் அப்படித்தான் வழிந்தது. மற்றதில் கிடாயின் மாலையில் பூ பூவாகத் தெரிந்தது. காட்சி கரைவதும் திரும்புவதும் போட்ட மாத்திரத்தில் ஓடியது, காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் மதர்போர்டோடு ஒத்துப்போகுமா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அண்ணனிடம் அதன் பெயரைச் சொன்னேன்.

அண்ணன் பணப்பையை எடுத்தார். பிறகு ஒன்று கேட்டார். “யாரு உக்காந்தாலும் ஓடுமாத்தா?”

“யாரு உக்காந்தாலும் ஓடும்ணே” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கடை படுத்துவிடக் கூடாதே என்று கேட்கிறார் என நினைத்தேன். கார்டைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு எனக்கு நானே விடைகொடுத்த கதை அது. ரயிலில் வரும்போது கார்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். விழுப்புரத்தில் அண்ணன் எனக்குப் பிடிக்குமே என்று இறங்கிப் போய் வடை வாங்கிவந்தார். அந்த வடையையும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த சில மாதங்களில் அண்ணியின் தம்பி கடைக்கு வர ஆரம்பித்தான். படிப்பு ஏறவில்லை, சும்மா இருக்கிறான், கொஞ்சம் சொல்லிக்கொடு என்றார்கள். சொல்லிக்கொடுத்தேன். முன்பானால் எதை எங்கே வெட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று கணக்குத் தெரிந்தவர்தான் உட்கார முடியும். இப்போது பிடிக்காததை அழித்துவிட்டு உடனே வேறு போட்டுப் பார்க்கலாம். அவன் தப்புத் தப்பாகச் செய்தே கற்றுக்கொண்டான். நான் தேர்ந்தெடுத்த கார்டு அவனுக்கு அவ்வளவு பொறுமை காட்டியது. அந்தத் தை மாதமே எனக்குச் சமயநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள்.

கல்யாணம் ஆனால் என்ன, டவுன் பஸ்ஸில் ஏறினால் கடை, தினமும் வந்து போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரருக்கும் ஆட்சேபணை இல்லை. அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. “கட்டிக்குடுத்த புள்ளையக் கடையில உக்கார வச்சுச் சம்பாதிக்கிறான்னு ஊரு என்னையத்தான பேசும்” என்றார். அம்மாவிடம் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, “அவனப் பகைச்சுக்கிட்டு எங்க போவ? நாளைக்குச் சீரு தூக்கிட்டு வந்து நிக்க உனக்கு அவன் ஒருத்தன்தான இருக்கான்” என்றாள். எத்தனை ஊர்வலங்களைத் தட்டு விடாமல் சேர்த்திருக்கிறேன். அந்தத் தட்டுகளுக்கு ஈடாகத் தராசின் எதிர்த்தட்டில் பெண்கள் எதை வைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அம்மா சொன்ன சொல்லை அண்ணன் பொய்யாக்கவில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது சமயநல்லூர் பார்க்காத சீர் கொண்டுவந்தார். அண்ணியின் தம்பிதான் வீடியோ. பிற்பாடு கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். ஊர்வலத்தைப் பாதியிலேயே நறுக்கிவிட்டு, அண்ணன் முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்துச் சுழலவிட்டிருந்தான். நான் இரண்டு இடத்தில் வருகிறேன், இரண்டிலும் தட்டு வாங்குகிறேன். எல்லோரும் அருமை என்றார்கள். நானும் சொன்னேன், விடுபட்ட தட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே. சில வருஷங்களில் அவன் தனிக்கடை போட்டு அண்ணனின் வாடிக்கையாளர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனான், அண்ணன் கடையைக் காலிசெய்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை. என் நாற்காலியை எடுத்தவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ளவாவது செய்திருக்கலாம்.

போன வாரம் அண்ணன் மகன் கைபேசியில் கூப்பிட்டான். பழையபடி கல்யாணப் படம் எடுக்க ஆரம்பிக்கிறார்களாம். “அத்தை, எடிட்டிங்குக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். அப்பா உங்களைக் கேக்கச் சொன்னாரு.”

“யாரு மாப்ள உக்காரப் போறா?”

“பாப்பாதான் அத்தை. அவதான் எல்லாம் பாக்குறா. நான் வெளிவேலை.”

பாப்பா அவன் தங்கை. கல்லூரி கடைசி வருஷம். “அப்ப அவளைப் பேசச் சொல்லு” என்றேன்.

“நீங்க எங்கிட்டயே சொல்லுங்கத்தை, நான் அவகிட்டச் சொல்லிக்கிறேன்.”

“அவ பேசட்டும் மாப்ள. அவகிட்டப் பேசக் கார்டு மட்டுமில்ல, வேறயும் இருக்கு” என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகள், “சொல்லியிருக்கலாமேம்மா, ஒரு பேருதான” என்றாள். ஒரு பேர்தான். அன்றைக்கும் அந்த மாடிக்கடையில் நான் சொன்னது ஒரு பேர்தான்.

பாப்பா இன்னும் பேசவில்லை. அவளிடம் யாராவது சொன்னார்களா என்றும் தெரியவில்லை. கைபேசியை அந்த மேசைமேல்தான் வைத்திருக்கிறேன். கீழே இழுப்பறை இரண்டு விரல் அளவு திறந்து நிற்கிறது.