லொறியில் போன கரைவலை

எங்கள் துறைமுகத்தைப் புகழாமல் திருகோணமலையில் எந்த அரசியல்வாதியும் மேடையை விட்டு இறங்கியதில்லை. உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பார்கள். நாங்களும் ஏதோ அதைக் கட்டியவர்கள் போலக் கைதட்டுவோம். அதனால் தலைநகரத்துக்கு எங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: இங்கே கடல் இருக்கிறது.

அந்த வருடம் சுதந்திர தின ஊர்வலத்தில் மாவட்டத்துக்கு ஒரு லொறி, லொறிக்கு ஒரு தொழில் என்று கொழும்பில் முடிவெடுத்திருந்தார்கள். மலைநாட்டு லொறியில் தேயிலைக் கொழுந்து பறிப்பார்கள், இன்னொன்றில் நெல் அறுப்பார்கள். நாங்கள் மீன் பிடிக்க வேண்டும். அதுவும் பொம்மைகள் வேண்டாமாம், அசல் மீனவர்கள், அசல் வலை, அசல் வள்ளம். எல்லாம் அசலாக இருக்க வேண்டும், கடல் ஒன்றைத் தவிர.

நான் தேவைப்படும்போது மணியடித்துக் கூப்பிடுகிற எங்கள் மாவட்ட அலுவலக மேலதிகாரி, அன்றைக்குத் தானே எழும்பி என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கந்தோரே திரும்பிப் பார்த்தது.

“மிஸ், உங்கட தம்பியிட்டக் கரைவலை இருக்கு என்ன?”

ஓம் என்று சொன்னேன். ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் தம்பியின் பெயர் தலைநகரத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் அவனைக் கேட்கும்படி என்னை அனுப்பினார்கள்.

நான் கலியாணம் முடித்து அன்புவழிபுரத்துக்கு வந்துவிட்டேன். தம்பி நாங்கள் பிறந்த ஊரான சல்லிக் கரையிலேயே இருக்கிறான். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பதுதான் கரைவலை. வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ சிற்றரசர் போல இருக்கும். என் தம்பியும் சம்மாட்டிதான். அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பின்னால் ஒருவர் தள்ளினால்தான் அது புறப்படும்.

கரை ஒன்று, வலைகள் பல. ஆகையால் முறை வைத்துத்தான் வளைப்பார்கள். மாரி முடிந்து கடல் அடங்குகிற நேரத்தில் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, யார் முதல், யார் அடுத்தது என்று தீர்மானிப்பார்கள். உனக்கு முறை வருகிற நாளில் பொழுது விடிய முன்னம் உன் வள்ளம் வலையோடு மணலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு தருகிறேன் என்று மாற்றிக்கொள்ள முடியாது. அப்படி மாற்றப்போய் மண்டைகள் உடைந்த காலமும் இருந்ததாம். ஒரேயொரு விலக்கு உண்டு. சம்மாட்டி வீட்டில் செத்தவீடு நடந்தால் முறை அவருக்காகக் காத்திருக்கும்.

அந்த வருடம் முதல் சீட்டுத் தம்பிக்கு விழுந்திருந்தது. மாரி முழுக்க யாரும் தொடாத கடலில் முதல் வலை என்றால் சும்மா இல்லை. அதைவிட முக்கியமான காரணமும் இருந்தது. அதற்கு முந்திய இரண்டு பருவமும் அவனுடைய வலை காற்றைத்தான் கூடுதலாகப் பிடித்தது. கயிறு இழுப்பவர்களுக்குக் கூலி கிடையாது, பிடிபடுவதில் பங்குதான். அவர்கள் நேருக்கு நேரே சொல்லிவிட்டார்கள், இந்த முதல் முறையைப் பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு வலைக்குப் போவோம் என்று. ஆட்கள் போய்விட்டால் சம்மாட்டி என்ன, வலை என்ன, வேலியில் காயப்போட்ட சேலைதான்.

வலை தொடங்குவதற்குப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நல்ல நாள் பெப்ரவரி நாலு, அதே சுதந்திர தினம். பஞ்சாங்கம் எழுதியவருக்கு நாட்டு வரலாறு தெரிந்திருக்காது.

இதையெல்லாம் நான் மேலதிகாரிக்கு விளங்கப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். கடைசியில் கேட்டார், கடலை ஒரு நாள் தள்ளிப்போட ஏலாதோ என்று. அவர் பகிடி விடவில்லை. கூட்டங்களைத் தள்ளிப்போட்டே தலைமுடி நரைத்தவர். பிறகு, இது கட்டாயம் இல்லை, விருப்பம் இல்லாவிட்டால் மாட்டோம் என்று சொல்லலாம் என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் சல்லிக்குப் போய் அந்தக் “கட்டாயம் இல்லை”யைத் தம்பியிடம் சொன்னேன். அவன் வலையின் மடியில், மீன் சேருகிற நடுப்பையில், பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாட்டன் எண்டு நான் சொன்னால், முறை இருக்கு, அதாலதான் எண்டு ஆரும் நினைப்பாங்களோ அக்கா? அதுக்கு வேற கருத்தெல்லோ வைப்பாங்கள்.”

வேறு ஊர்களில் ஒருவர் கொண்டாட்டத்துக்குப் போகாவிட்டால் அவருக்குக் காய்ச்சல் என்று நினைப்பார்கள். எங்கள் கரையில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதற்கொரு அரசியல் இருக்கும். கோபம் கோபமாக வந்தது. யாரோடு கோபிப்பது என்று தெரியாததால், பொத்தலைச் சரியாகப் பார் என்று அவனையே ஏசிவிட்டு வந்தேன்.

கரைக்காரர்கள் கோயில் மடத்தில் கூடினார்கள். தம்பியின் முறையைப் பிடித்து வைக்கலாமா என்பதுதான் கதை. அடுத்த சீட்டுக்காரர் ஊர் முறைக்கு எங்களுக்கு மாமா. வயதானவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். செத்தவீட்டுக்கு விலக்கு உண்டென்றால் சுதந்திர தினத்துக்கு ஏன் இல்லை என்று ஒருவர் தொடக்கினார். நாட்டுக்காகப் போவது வீட்டுச் சாவை விடப் பெரிதா சிறிதா என்று நெடுநேரம் விவாதித்தார்கள். பாராளுமன்றத்தில்கூட அந்த நாளைப் பற்றி அவ்வளவு ஆழமாக யோசித்திருக்க மாட்டார்கள். முடிவில் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள்.

“செத்தவீடெண்டால் நான் வாய் திறக்கமாட்டன். இது கொண்டாட்டம்தானே, தம்பி.”

கூட்டம் அத்தோடு கலைந்தது. அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியாததுதான் எனக்கு எரிச்சல். அவருடைய வலையையும் நம்பி ஆட்கள் இருந்தார்கள்.

வள்ளத்தை லொறியில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடலுக்கென்று செய்த சாமான், டயரின் மேல் இருக்க அதற்குப் பிடிக்கவில்லை. நாங்கள் பின்னால் பஸ்ஸில் போனோம். சிங்களம் தெரியும் என்ற குற்றத்துக்காக நானும் பொறுப்பு அலுவலராகப் போனேன்.

ஒத்திகை கொழும்புக் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் நடந்தது. தமிழ் தெரியாத, விசில் ஊதுகிற நெறியாளர் ஒருவர் இருந்தார். லொறித் தட்டில் நீலச் சீலை விரித்து, அதைக் கடல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வலைக்குள் ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டி நிறம் பூசிய மீன்களைப் போட்டார்கள். செம்மஞ்சளும் ஊதாவுமாக எல்லாம் கண்ணாடித் தொட்டி மீன்கள். அரை மைல் தூரத்தில் அசல் கடல், பெப்ரவரி மாத மேற்குக் கடல், எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. எங்கள் ஆட்கள் சீலையின் மேல் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வை கமராவுக்கு வர வேண்டும் என்று நெறியாளர் விசில் ஊதினார்.

பாட்டில்தான் சிக்கல் வந்தது. கயிறு இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுத்துப் பாடுவதை அம்பா என்போம். அது சாமிப் பாட்டு இல்லை. அந்தந்த நேரத்துக் கோபத்தில் கட்டுவது. சம்மாட்டியின் கஞ்சத்தனம் தொடக்கம் மச்சாளின் மூக்கு வரை எல்லாம் அதில் வரும். வாயில் வெற்றிலையோடு முன்கயிறு பிடிக்கும் மூத்தவர், பாடச் சொன்னதும் நெறியாளரைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார்.

“றோட்டில வள்ளம் விட்ட மகராசா – ஏலேலோ
வீட்டில உலை வைக்க ஆர் ராசா – ஏலேலோ
சீலைக்குள்ள மீன் தேடும் துரையாரே – ஏலேலோ
கோலெடுத்து உம்மை அடிக்க ஆளாரே – ஏலேலோ”

எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக முகங்கள் மலர்ந்தன. நெறியாளர் மெய்மறந்து நின்றார். அறிவிப்பாளர் வாசிப்பதற்காகப் பாட்டின் பொருளைச் சிங்களத்தில் சொல்லும்படி என்னைக் கேட்டார். கடல் தாயே, உன் கொடைக்கு நன்றி, எங்கள் தேசம் செழிக்கட்டும் என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் உரத்துப் பாடச் சொன்னார். அவர்கள் மறுக்கவில்லை.

நாலாம் திகதி விடியற்புறமே பாதுகாப்புக்காக எங்கள் எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்கள். வெயில் ஏறும்வரை லொறியிலேயே நின்றோம். விமானங்கள் பறந்தன, வேட்டுகள் முழங்கின. தம்பி கிழக்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றான். இந்நேரம் சல்லியில் மாமாவின் வள்ளம் இறங்கியிருக்கும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கடைசியில் எங்கள் லொறி பெரியவர்களின் மேடையைக் கடந்தது. ஒரு இழுவை இழுத்து முடிவதற்குள் மேடை பின்னால் போய்விட்டது. அந்த நேரம் அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் மேலே புகை விட்டுப்போன விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசிகளைத் திருப்பித் தந்ததும் எல்லாம் ஒரேயடியாக அலறத் தொடங்கின. எல்லார் வீட்டிலிருந்தும் ஒரே செய்திதான். மாமாவின் வலையில் மீன் மலையாக விழுந்திருந்தது. கயிறு அசையவில்லையாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பக்கத்து ஊரான நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வந்து பிடித்தார்களாம். தொலைக்காட்சியில் எங்களைப் பார்க்க ஊரில் ஒருவர்கூட வீட்டில் இருக்கவில்லை. எல்லாரும் கரையில் நின்றிருக்கிறார்கள்.

தம்பி தன் தொலைபேசியைக் காதில் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“என்ன மீன்?”

நல்ல விலை போகிற பாரை என்று அவன் மனைவி சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவன் சரி என்று வைத்துவிட்டான். ஆட்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். அவர்கள் வேறு வலைக்குப் போகப்போகிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பொறுப்பு அலுவலர் அழக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, அதனால் அழுதேன். பக்கத்து லொறியில் கொழுந்து பறித்த பெண்ணொருத்தி, நாட்டுப்பற்று என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு ஆட்கள் வந்தார்கள், வள்ளம் வரவில்லை. கொழும்பிலேயே கண்காட்சியில் வைக்க வேண்டுமென்று மறித்துவிட்டார்கள். அது திரும்பி வந்தபோது வெயிலில் காய்ந்து பக்கப்பலகை பிளந்திருந்தது. அதற்குள் தம்பியின் மற்ற முறைகளும் ஒவ்வொன்றாக அடுத்தவர்களுக்குப் போய்விட்டன. ஆட்கள் வந்து சொல்லிவிட்டுத்தான் மாமாவின் வலைக்குப் போனார்கள். முன்கயிற்று மூத்தவர் மட்டும் சொல்ல வராமல் மனைவியை அனுப்பினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தம்பியும் மாமாவின் கயிற்றைப் பிடித்தான். மாமா அவனைக் கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கயிற்றில் இரண்டு பேருக்கு நடுவில் இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மாரி முடிகிற நேரம் மேலதிகாரி மறுபடியும் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலைநகரத்துக்கு எங்கள் லொறி நல்லாய்ப் பிடித்துவிட்டதாம், இந்த முறையும் கட்டாயம் வேண்டுமாம். தம்பிக்கு ஆட்கள் இல்லை என்றேன். பரவாயில்லை, ஆட்கள் இப்போது இருக்கிற வலையையே அனுப்புங்கள் என்றார்.

நான் உடனே சல்லிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் சந்தோசமாகத்தான் போனேன். அந்த வருடம் முதல் சீட்டு மாமாவுக்கு விழுந்திருந்தது, நல்ல நாளும் மறுபடி பெப்ரவரி நாலிலேயே வந்திருந்தது. கொண்டாட்டம் என்றால் என்ன என்று அவரும் ஒரு முறை அனுபவிக்கட்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். தம்பி கடற்கரையில் மாமாவின் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, மாமாவின் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவன் முடிச்சை இறுக்கி முடித்தான்.

“எங்கட கரையில இப்ப கரைவலை இல்லையெண்டு சொல்லுங்கோ அக்கா.”

பொய் என்று பிடிபட்டால் என்ன செய்வது என்றேன்.

“ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?”

அடுத்த நாள் மேலதிகாரியிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு வருடத்துக்குள்ளேயா, பாவம், எங்கட பாரம்பரியமெல்லாம் இப்படித்தான் அழிந்து போகிறது என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கந்தோரிலிருந்து சல்லிக்கு முச்சக்கர வண்டியில் போனால் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்தான். கவலைப்பட்டபடியே மேலிடத்துக்கு அறிவித்தார். மேலிடமும் கவலைப்பட்டதாகப் பதில் வந்தது.

முதல் வலை வளைத்த அன்று சுதந்திர தினம், எனக்கு அரச விடுமுறை. சல்லிக்குப் போய்க் கரையில் நின்றேன். முன்கயிற்று மூத்தவர் அடி எடுத்தார், தம்பி நடுக்கயிற்றில் நின்று இழுத்தான், மாமா தண்ணீருக்குள் இறங்கி மடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கரையில் ஒருவரும் குறையவில்லை.