எந்தத் துறையில் கரைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு வசமாக மாட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து சிட்னிக்கு வந்தவர்கள், ஊரின் குளம், சந்தி, ஒழுங்கை எனும் சந்து என்று எல்லாப் பெயர்களையும் கம்ப்யூட்டர் மேப்பில் பதிய ஆசைப்பட்டார்கள். நான் மதுரைக்காரன், ஐ.டி. ஆள். அவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டும்... அவ்வளவுதானே?

'ஆலடி' என்றார்கள். ஆலமரம் எங்கே என்று கேட்டேன். அது எப்போதோ புயலில் விழுந்துவிட்டதாம். அப்புறம் எதற்கு ஆலடி? எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அப்போது வதனி குறுக்கிட்டார். கைக்குழந்தையாக இங்கே வந்தவர். சமீபத்தில் அப்பாவை இழந்தவர்.

"அண்ணா, எங்கட துறையை முதல்ல போடுங்கோ. அப்பாட அஸ்தியோட வாற வெள்ளி பிளைட். 'எங்கட துறையில கரை' எண்டுதான் கடைசியாச் சொன்னவர். எனக்கு அது எங்க எண்டே தெரியாது."

துறை என்றால் கடலில் இறங்கிக் குளிக்கிற இடம். வதனியின் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, மேப்பில் ஓரிடத்தைத் தொட்டார். "இதுதான் எங்கட துறை."

அம்மாவின் தம்பி வேறோர் இடத்தைத் தொட்டார். "உங்களுக்கென்ன விசரே? எங்கட துறை இஞ்சயெல்லோ!"

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விளக்கினார்கள். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு சீதனம். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். அப்பா பிறந்தது ஒரு துறைப் பக்கம், வாழ்ந்தது இன்னொரு துறைப் பக்கம். இதில் அவர் சொன்ன 'எங்கட' எது?

வதனி அழுதுவிடுவார் போலிருந்தது. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோவன்!"

மூலை நாற்காலியில் இருந்த அம்மா நிமிர்ந்தார்.

"மாமி காட்டினதுதான் சரி. கலியாணம் கட்டி வந்த நாளிலயிருந்து, அவர் என்ர வீட்டை 'உன்ர வீடு' எண்டுதான் சொன்னவர். எங்கட வீடு எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை அங்கயே கரை, பிள்ளை. நாளைக்கு என்னை மட்டும் எங்கட துறையில கரை."

இது கோபமா, பாசமா? சத்தியமாகப் புரியவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரு ஆயுசு முழுக்க வாழ்ந்தாலும் ஊர் ஒன்றாகிவிடாது போலிருக்கிறது.

மேப்பில் இரண்டு புள்ளி வைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றன. தப்பாக வைத்துவிட்டேனோ என்று சந்தேகம்.

"ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் அங்கிள்?" என்று அந்தத் தம்பிக்காரரைக் கேட்டேன்.

"கூப்பிடு தூரம்தான், தம்பி."

யாராவது ஒருவர் கூப்பிட்டிருக்கலாம்!