வாயை ஊதச் சொன்ன ஜெயக்கொடி

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஜெயக்கொடிக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முதலுதவி அறை வேலை. காலையில் வேன் வந்து நின்றதும் வாசலில் நின்று ஒவ்வொருத்தர் வாயையும் ஊதச் சொல்வாள். வெடிமருந்து கலக்கும் இடமல்லவா, குடித்த கை நடுங்கினால் அறையே வெடித்துப் போய்விடும். வாடை அடித்தால் வீட்டுக்குத்தான். யார் கெஞ்சினாலும் மசிய மாட்டாள்.

அவளே இரவானால் குடிப்பாள் என்பது ஊருக்குத் தெரியாது. பட்டாளத்துக் கேன்டீனில் வாங்கிய ரம் பாட்டில் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கும். விருதுநகரில் ஒரு சர்ச் ஹாலில் கூடும் நாலைந்து பெண்களுக்கு மட்டும் தெரியும். எல்லாரும் பட்டாளத்திலும் போலீஸ் படையிலும் இருந்து வந்தவர்கள், குடியை விட முடியாமல் தவிப்பவர்கள். வீட்டில் பென்ஷன் விஷயம் என்று சொல்லிவிட்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து, அவரவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை, கூட்டத்தை நடத்தும் ஷைலா, "ஜெயக்கொடிக்கா, இந்த வாரம் எப்படி?" என்று கேட்டாள். ஜெயக்கொடி எழுந்து விறைப்பாக நின்றாள்.

"ஆல் கரெக்ட், மேடம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "உக்காருங்கக்கா, இங்கன என்ன பரேடா நடக்கு?" என்றாள் போலீஸ் படையில் இருந்த மாரிச்செல்வி. "ஆல் கரெக்ட்டுன்னா வாயில எதுக்குக் கிராம்பு?"

ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அப்புறம்தான் உண்மை வந்தது.

முந்தின நாள் காலை, மருந்துத் தூசிக்குப் போடும் மாஸ்க்கோடு வாசலில் நின்றாள். வரிசையில் முதல் ஆளாகப் பெத்தணன் வந்து ஊதினான். குப்பென்று வாடை. "ஏலே, வீட்டுக்குப் போ" என்றாள்.

"சிஸ்டர், இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம். ஆடியில இருந்து தொட்டதே இல்ல!"

வேனில் வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே போனான். அடுத்து ஊதியவளிடமும் அதே வாடை. அவளோ கோயிலில் பூக்குழி இறங்க விரதம் இருப்பவள். ஜெயக்கொடி மாஸ்க்கைக் கழற்றினாள். வாடை போய்விட்டது. மாஸ்க்குக்குள் நாறியது அவள் மூச்சுதான்.

"அவனத் திரும்பக் கூப்பிட்டீகளா?" என்று மாரிச்செல்வி கேட்டாள்.

"இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "திங்கக்கெழம வருவாம்லா" என்றாள் மாரிச்செல்வி.

வந்தான். ஊத வாயைக் குவித்தவனிடம் ஜெயக்கொடி மாஸ்க்கை இறக்கினாள். "ஊத வேண்டாம். அன்னைக்கு அடிச்சது என் வாடை." மேனேஜர் காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னாள். வரிசை மொத்தமும் கேட்டுக்கொண்டு நின்றது.

ஏசுவான் என்று நினைத்தாள். அவன் ஏசவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன சிஸ்டர், நாங் குடிக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எம்பொண்டாட்டி வெள்ளிக்கெழமையில இருந்து மூஞ்சி குடுத்துப் பேசல. அவகிட்ட வந்து சொல்லுவீகளா?"

சாயங்காலம் அவர்கள் வேனிலேயே அவன் ஊருக்குப் போனாள். அவன் மனைவி குருவம்மாள் ஓடி வந்து சேர் போட்டாள்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. குடிய விட்டுட்டேன்னு ஊரையே ஏமாத்துனாரு. நீங்களாச்சும் பிடிச்சீகளே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்!"

ஜெயக்கொடி உட்காரவில்லை. நின்றபடியே உண்மையைச் சொன்னாள்.